என் தோளுக்கு வைத்த நேர்த்தி

என் நெஞ்சைப் பிளந்து இரத்தக் குழாய்களை மாற்றித் தைத்த அன்று, என்னைக் கேட்காமலே என் தோளில் ஒரு காவடி ஏற்றப்பட்டுவிட்டது. ஏற்றியவள் என் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு கிழமை கழித்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தெரியவந்தது.

"உடம்பு தேறினவுடனை மனோர் பார்க் முருகன் கோயிலிலை நீங்கள் காவடி எடுக்க வேணும்," என்றாள். "நான் நேர்ந்திட்டன்."

"ஆரைக் கேட்டு நேர்ந்தனீர்?"

"ஆரைக் கேக்கிறது? நீங்கள் வாயிலை குழாயோட கிடந்தனீங்கள்."

முருகனிடம் ஒன்றைக் கேட்டு, தந்தால் இன்னதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது எங்கள் சனத்துக்குப் பழக்கம். அதிலும் ஒரு விசேஷம் உண்டு. கேட்பவர் ஒருவராகவும் செய்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். தாய் கேட்பாள், பிள்ளையின் தலை மொட்டையாகும். மனைவி கேட்பாள், புருஷனின் தோள் காவடி சுமக்கும். சம்மதம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. எனக்கோ சம்மதம், காரணம், ஆதாரம் என்ற சொற்களை வைத்துத்தான் பிழைப்பு.

நான் தத்துவம் படிப்பிக்கிறவன். அதிலும் ஒரு சின்ன மூலை: நானூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பா, அறிவு பெரிதா நம்பிக்கை பெரிதா என்று அங்கே நடந்த நீண்ட சண்டை. பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று எண்ணிவிடாதீர்கள். மணிக்கணக்குக்கு வகுப்பெடுக்கும் ஆள். திங்கள் ஓரிடம், செவ்வாய் ஹவுன்ஸ்லோ, வியாழன் இன்னோரிடம். செவன் கிங்ஸில் ரெயில் ஏறி, மாறி, பஸ் பிடித்து, லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய், வளர்ந்தோர் கல்வி நிலையமொன்றில் எட்டுப் பேருக்கு இரண்டு மணித்தியாலம் பேசிவிட்டு அதே வழியால் திரும்பி வருவேன். இருபது வருடமாக இதுதான். இப்போது காலையில் சப்பாத்துப் போடக் குனியும்போதே அலுப்பு வந்துவிடுகிறது.

நான் படிப்பிக்கிற தத்துவக்காரர்களின் பெயர்களை என் மனைவி ஒருநாளும் சொன்னதில்லை. "உங்கட ஆக்கள்" என்பாள், ஏதோ என் தகப்பன் வழிச் சொந்தம் போல. "உங்கட ஆக்கள் இண்டைக்கு என்ன சொல்லுகினம்?" என்று கறி கிண்டிக்கொண்டே கேட்பாள். நானும் சொல்வேன். ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சந்தேகித்தார் என்பேன். "வேலை இல்லையாக்கும்," என்பாள். இன்னொருவர் கண்ணாடி வில்லை தேய்த்துச் சீவித்தவர், அவருடைய சனமே அவரைத் தள்ளிவைத்தது, ஏனென்றால் கடவுளும் இந்த உலகமும் ஒன்றுதான், அந்தக் கடவுளுக்குக் காது கிடையாது என்று நினைத்தவர் என்பேன். அதற்கு மட்டும் அவள் கரண்டியை நிறுத்திவிட்டு, "பாவம் அந்தாள்," என்றாள்.

என் நம்பிக்கை ஒரே நாளில் போனதல்ல. குண்டு விழுந்தபோது போனது, கடல் தாண்டியபோது போனது என்று ஒரு கதை சொன்னால் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில், குளிருக்கு ஒதுங்க நகர நூலகத்துக்குள் போனேன். அங்கே சூடு இருந்தது, கதிரை இருந்தது, ஒருவரும் எழும்பு என்று சொல்லவில்லை. கையில் அகப்பட்டதை எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டு மூன்று குளிர்காலம் போனபின், திருநீறு பூச மறந்துபோயிருந்ததைக் கவனித்தேன். அவ்வளவுதான். லண்டனுக்கு வந்தபின் பகுதிநேரமாகப் படித்து ஒரு பட்டமும் எடுத்தேன். மனைவி கோயிலுக்குப் போனால் நான் வெளியே நின்று அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். முப்பது வருடமாக எங்களுக்குள் அந்த ஒழுங்கு பிசகாமல் இருந்தது. நேர்த்தி வந்துதான் அதைக் குழப்பியது.

முதல் வருடம் நான் எடுக்கவில்லை. நெஞ்சு இன்னும் பொருந்தவில்லை என்றேன். அது பொய்யல்ல. கோடைத் திருவிழாவுக்கு அவள் தன் பங்குக்குப் பாற்குடம் எடுத்தாள். நான் வழக்கம்போல வெளியே கோட்டுடன் நின்றேன். அடுத்த கோடை வந்தபோது நெஞ்சு பொருந்தியிருந்தது. அப்போது உண்மையைச் சொன்னேன்.

"நம்பாத ஒருவன் காவடி தூக்கினால் அது நடிப்பு. உம்மட கடவுளுக்கே அது மரியாதை இல்லை."

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு போட்டாள், தேத்தண்ணி தந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆம்பிளைகளுக்கு அப்படி நினைக்கச் சுகம்.

மார்கழி மாதம் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி அகப்பட்டது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாகச் சொன்னாள். சொன்னது உடனே அல்ல, பத்து நாள் கழித்து. மெல்பேர்னில் கைக்குழந்தையோடு இருக்கும் எங்கள் மகளுக்குச் சொல்லக்கூடாது என்று முதலில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். குடும்ப டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு அவசரம் என்று எழுதினார். ஆஸ்பத்திரியிலிருந்து திகதி போட்டுக் கடிதம் வந்தது. படம் பிடிப்பார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிப்பார்கள் என்று எல்லாம் அதில் விபரமாக இருந்தது.

அவள் கடிதத்தை வாசித்து, மடித்து, உறைக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"போன் அடிச்சு இந்தத் திகதி வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஏன்?"

"நேர்த்தி முடியட்டும். பிறகு போறன்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. குசினிக்குள் நின்று கத்தினேன். படித்தவன் கத்தும்போது வாதம் வாதமாகத்தான் கத்துவான், அது இன்னும் கேவலம். "ஒரு காவடி எடுக்கேல்லை எண்டு பொம்பிளையின்ரை நெஞ்சிலை கட்டியைக் குடுக்கிற ஒருத்தரை நீர் எப்பிடிக் கும்பிடுறீர்? அவர் நல்லவரெண்டால் இப்பிடிச் செய்ய மாட்டார். செய்தவரெண்டால் நல்லவரில்லை. ரெண்டிலை ஒண்டைச் சொல்லும்." இருபது வருடம் வகுப்பில் வைத்த கேள்வி. எந்த மாணவரும் அதற்குச் சுலபமாகப் பதில் சொன்னதில்லை.

அவள் மேசைக்கு முன்னால் இருந்து மல்லி இலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவர் தந்தவர் எண்டு ஆர் சொன்னது?" என்றாள். "கட்டி எல்லாருக்கும்தான் வருது. உங்களுக்காகக் கேட்டன், தந்தவர். குடுத்த வாக்கை நான் முடிக்கேல்லை. இப்ப எனக்காகக் கேக்க வேண்டிக் கிடக்கு. எந்த முகத்தோடை போய்க் கேக்கிறது?"

"அப்ப கேக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போம்."

"கேக்காமல் நான் அந்த வாசல் மிதிக்க மாட்டன்."

தண்டனைக்குப் பயந்தவளோடு வாதாடலாம். பயம் தேவையில்லை என்று காட்டலாம். இவள் பயப்படவில்லை. இவளுக்கு வெட்கம். ஒரு வீட்டில் கேட்டதைத் தந்தார்கள், சொன்னதைச் செய்யாமல் திரும்பவும் அந்த வீட்டுக் கதவைத் தட்டக் கூசுகிறாள். "நேர்த்தி உங்கட தோளுக்கு வைச்சது, என்ரை தோள் உதவாது," என்று அவளே முடிவாகச் சொல்லிவிட்டு இலைகளைக் கழுவப் போனாள்.

மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். கட்டி அவளுடைய நெஞ்சில் இருந்தது, நித்திரை போனது எனக்கு. நான்காம் நாள் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் ஏதோ அவசரத்தில் இருந்தார், பின்னால் மணிச்சத்தம் கேட்டது. கோடைத் திருவிழா வரைக்கும் பொறுக்க ஏலாது என்று மட்டும் சொன்னேன்.

"வாற கார்த்திகை நட்சத்திர நாளிலை செய்யலாம். செவ்வாய்க்கிழமை வருது, நல்ல நாள்," என்றார். "பின்னேரப் பூசைக்கு வாங்கோ. காவடி இஞ்ச இருக்கு. மூண்டு நாளாவது மீன், இறைச்சி மச்சம் ஒண்டும் சாப்பிடாமல் இருங்கோ. அண்டைக்குப் பகல் ஒரு சாப்பாடும் வேண்டாம்."

கார்த்திகை நாள் ஆஸ்பத்திரித் திகதிக்கு ஐந்து நாள் பிந்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துத் திகதியைத் தள்ளினேன். போனில் பேசிய பெண், காரணம் என்ன என்று கேட்டாள். குடும்ப விசேஷம் என்றேன். நாக்குக் கூசியது.

அந்தச் செவ்வாய் எனக்கு ஹவுன்ஸ்லோவில் வகுப்பு இருந்தது. வகுப்பை ரத்துச் செய்திருக்கலாம். செய்தால் பிறகு ஒருநாள் ஈடு செய்ய வேண்டும், அந்த இன்னொரு பயணத்தை நினைத்தே விட்டுவிட்டேன். பாடமும் பார்த்துப் பார்த்து வந்தது போல அமைந்தது. கடவுள் இருக்கிறார் என்று பந்தயம் கட்டச் சொன்ன ஒரு பிரெஞ்சுக்காரர். இருந்தால் எல்லாம் கிடைக்கும், இல்லாவிட்டால் பெரிதாக ஒன்றும் போகாது, ஆகவே இருக்கிறார் என்ற பக்கமே நில் என்பது அவருடைய வாதம். சரி, புத்தி ஒப்புகிறது, மனம் நம்ப மறுக்கிறதே என்றால், நம்புகிறவர்கள் செய்வதை நீயும் செய்யத் தொடங்கு, முழங்காலில் இரு, தீர்த்தம் தெளி, நம்பிக்கை பின்னால் வரும் என்கிறார். நான் எப்போதும் இந்த இடத்தைக் கொஞ்சம் நக்கலோடுதான் படிப்பிப்பேன். அன்றைக்கு நக்கல் வரவில்லை.

முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருப்பார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கிழமையும் வகுப்புக்கு ஏதாவது சாப்பாடு கொண்டுவந்து மேசை நடுவில் வைப்பது அவருடைய வழக்கம். அவர் கையை உயர்த்தினார்.

"அது அப்படியொன்றும் பைத்தியக்கார யோசனை இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "என் புருஷனோடு நான் அப்படித்தான் இருந்தேன். அன்பு இருப்பதாக நடந்துகொண்டேன். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சுருக்கென்று பட்டது. புருஷன் கண்முன்னே நிற்கிற ஆள், அவனிடமிருந்து திரும்பி ஏதாவது வரும், இங்கே எதிரில் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி என்று நான் மறுத்தேன். அவர் விடவில்லை, திருப்பிக் கேட்டார். நானும் விடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு வாதத்தில் எனக்குச் சூடு பிடித்தது. பேசிக்கொண்டே மேசையைச் சுற்றி நடந்தேன், வெள்ளைப் பலகையில் கோடு கீறினேன், ஒரு கையில் பேனாவும் மறு கையில் எதுவோவுமாக நின்று முடித்தேன். நல்ல வகுப்பு. பஸ்ஸில் ஏறும்போது எனக்கே என்மேல் கொஞ்சம் திருப்தி.

மனோர் பார்க் ஸ்டேஷனில் மனைவி காத்து நின்றாள். சேர்ச் ரோட் வழியாகக் கோயிலுக்கு நடந்தோம். பட்டுச் சேலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டிருந்தாள். எனக்கு வேட்டியைப் பையில் கொண்டுவந்திருந்தாள். "பசிக்குதோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையாகவே பசிக்கவில்லை. விரதமிருந்தும் பசிக்கவில்லையே என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை வேறு.

உள்ளே சட்டையைக் கழற்றினேன். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழே ஓடும் தழும்பை ஐயர் ஒரு கணம் பார்த்தார். பிறகு திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டே, "விரதம்தானே?" என்றார்.

"மூண்டு நாளா மரக்கறிதான் ஐயா. இண்டைக்குக் காலமையிலையிருந்து வெறும் தண்ணி," என்று என் மனைவி எனக்காகச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு மறுகை ஞாபகம் வந்தது. ஒரு கையில் பேனா. மறுகையில் அந்தப் பெண்மணி கொண்டுவந்த சொசேஜ் ரோல். பன்றி இறைச்சி. ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதைத் தின்றது வாதத்தில் வென்றபோது.

நம்பிக்கை இல்லாதவனுக்கு விரதம் நினைவில் நிற்பதில்லை. உடம்பு அதைக் கணக்கெடுப்பதே இல்லை. நம்புகிற ஒருவர் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார். நம்பாத வெள்ளைக்காரருக்கோ இது பிழையே அல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற என்னைப் போன்ற ஒருவனுக்குத்தான் இது நடக்கும்.

ஐயர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியும் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் காவடி இல்லை. காவடி இல்லையென்றால் அடுத்த கார்த்திகை வரைக்கும் ஆஸ்பத்திரி இல்லை. கட்டிக்கு இன்னும் ஒரு மாதம்.

"ஓம்," என்றேன்.

காவடியைத் தூக்கி என் வலது தோளில் வைத்தார்கள். மயிலிறகும் பட்டுத்துணியும் கட்டிய வளைவு, இரண்டு பக்கமும் சின்னப் பாற்செம்பு. அவ்வளவு பாரமில்லை. மூலஸ்தானத்தைச் சுற்றிய உள்வீதியை மூன்று முறை சுற்ற வேண்டும். செவன் கிங்ஸில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒருவர் தூணோடு நின்றவர், "அண்ணை, நீங்களோ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். நான் தலையாட்டினேன். ஏதாவது உணர்வேன் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை. தோள் நொந்தது. கால் குளிர்ந்தது. வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலாக, வயிற்றுக்குள் அந்த இரண்டு ரோலும் கிடப்பது தெரிந்தது. கேட்க ஒருவரும் இல்லை என்பவன் எதற்காகப் பன்றி இறைச்சிக்குப் பயப்பட வேண்டும்? ஆனால் பயந்தேன். மூன்று சுற்றும் பயந்துகொண்டே நடந்தேன். பின்னால் அவள் அரோகரா சொல்லிக்கொண்டு வந்தாள், என் மூச்சு வாங்குகிறதா என்று கவனித்தபடி.

பாலை ஊற்றி முடிந்தபின் அவள் முருகனுக்கு முன்னால் போய் நின்றாள். உதடு அசைந்தது. கன நேரம் பேசினாள். கொஞ்சம் முறைப்பாடு, கொஞ்சம் கெஞ்சல், இடையில் ஏதோ ஊர்ப் புதினம் சொல்வது போலவும் இருந்தது. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டுகளோடு நின்றேன். வீட்டுக்குப் போகும் வழியில், "சரி, நான் இனி ஆஸ்பத்திரிக்கு வாறன்," என்றாள். அவளுடைய முகம் தெளிந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சீறிச் சமாளித்தேன்.

சோதனை செய்தார்கள். பத்து நாளில் முடிவு சொன்னார்கள். புற்றுநோய். சிறிது, பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் மார்பை எடுத்துவிடுவது நல்லது என்றார் டொக்டர். அவள், "சரி," என்றாள். எப்போது சமைக்கலாம், எத்தனை நாள் பாரம் தூக்கக்கூடாது என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்து ரோலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எப்படி விளங்கப்படுத்துவது? கட்டி மார்கழியிலேயே இருந்தது, நான் தின்றது தையில். முன்னால் நடந்ததற்குப் பின்னால் நடந்தது காரணமாக முடியாது. இதை எந்த முதலாம் வருடப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவேன். எனக்கும் விளக்கினேன். ரெயிலில், பஸ்ஸில், பல் விளக்கும்போது விளக்கினேன். புத்தி ஒவ்வொரு முறையும் சரியென்று ஒத்துக்கொண்டது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. அறிவை நம்பித்தான் வாழ்கிறேன் என்று முப்பது வருடம் சொல்லித் திரிந்தவன், இரண்டு சொசேஜ் ரோலிடம் தோற்றுப்போய் நின்றேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் காலை, அவள் பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அவள் போகமாட்டேன் என்று நின்றுவிடுவாளோ என்ற பயம் இருந்தது. ஆனால் என்னால் மறைத்துவைக்க ஏலாமல் போய்விட்டது.

"உமக்கு ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு நான் விரதம் இல்லை. வகுப்பிலை மறந்துபோய்ச் சாப்பிட்டிட்டன். ஐயரிட்டைப் பொய் சொன்னனான்."

அவள் கையிலிருந்த துவாயை மடித்து முடித்தாள்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ரோல்."

"என்ன ரோல்?"

"பன்றி."

அவள் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டப் போனேன். சிரிக்கிறாள். சத்தமில்லாமல் தொடங்கி, சத்தமாகி, கண்ணால் நீர் வரச் சிரித்தாள். "பன்றியோ?" என்றாள். "மீனெண்டாலும் பரவாயில்லை. பன்றியைத் திண்டிட்டே போய்க் காவடியைத் தூக்கினனீங்கள்?" மார்கழிக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

"அப்ப நேர்த்தி செல்லாது," என்றேன்.

"அதை விடுங்கோ. நான் அவரிட்டைச் சொல்லுறன்," என்றாள், முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு. "இந்த மனிசன் இப்பிடித்தான் எண்டு அவருக்கும் தெரியும். எத்தினை வருசமா வெளியிலை நிண்டு கோட்டுப் பிடிக்கிறதைப் பாத்தவர்."

பிறகு எழும்பி மிச்ச உடுப்பை அடுக்கினாள்.

அடுத்த நாள் விடியவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே போகுமுன் தாலிக்கொடியைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி என்னிடம் தந்தாள். கழுத்தில் அதற்குப் பதிலாகக் கட்டிய மஞ்சள் நூல் மட்டும் கிடந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் என்னைப் பார்த்து, "போய் ஏதும் சாப்பிடுங்கோ," என்றாள். கதவு மூடியது.

மூன்று மணித்தியாலம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், தண்ணீர் மெஷின், சத்தமில்லாமல் ஓடும் தொலைக்காட்சி. வியாழன் வகுப்புக்குரிய தாள்களைக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடி தேய்த்தவரைப் பற்றிய பாடம். ஒரு பக்கம் வாசித்தேன். அதே பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். எல்லாம் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடக்கிறது, நாம் கேட்பதால் எதுவும் மாறாது, இதை விளங்கிக்கொண்டவனுக்கு மனம் அமைதியாகும் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. எனக்கு விளங்கியிருந்தது. மனம் அமைதியாகவில்லை.

மூன்று மணித்தியாலம் போயிற்று. ஒருவரும் வரவில்லை. பயந்தேன். வெறும் பயம், வேறு பெயர் இல்லை. அவள் இல்லாத வீட்டின் குசினி கண்ணுக்குள் வந்தது. என் நெஞ்சைப் பிளந்த அன்று அவளும் இப்படித்தான் ஒரு கதிரையில் இருந்திருப்பாள், ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் என்று சொன்னார்கள். அந்த நேரம் எப்படிப் போனது என்று ஒருநாளும் நான் அவளைக் கேட்டதில்லை. ஆரைக் கேட்டு நேர்ந்தனீர் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

கேட்டுப் பார்த்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். தாலிக்கொடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் "முருகா" என்றேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. முப்பது வருடம் பேசாமல் இருந்த ஒருவருக்கு அவசரத்துக்குப் போன் எடுத்தது போல இருந்தது. பந்தயக்காரர் சொன்னபடி, இருப்பதாக நினைத்துத் தொடரலாம் என்று இன்னொரு தடவை முயன்றேன். அவளுக்காகக் கேட்கும்போதாவது பொய் சொல்லக்கூடாது என்று பட்டது. நிறுத்திவிட்டேன். மிச்ச நேரத்தைத் தண்ணீர் மெஷினைப் பார்த்துக்கொண்டு கழித்தேன்.

நாலேகால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு தாதி வந்து, நல்லபடி முடிந்தது, முழுவதும் எடுத்தாயிற்று, இன்னும் கொஞ்சத்தில் பார்க்கலாம் என்றாள். நான் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு எழும்பினேன்.

வார்ட்டில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். ஒரு பக்கம் கட்டுப் போட்டிருந்தது. உதடு காய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைக் கண்டாள்.

"எல்லாம் எடுத்தாச்சாம்," என்றேன். "நல்லபடி முடிஞ்சுதாம்."

தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, குரல் வராமல் கேட்டாள்:

"என்ன நேர்ந்தனீங்கள்?"

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். மொட்டை, பொங்கல், இன்னொரு காவடி. சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

"ஒண்டும் நேரேல்லை," என்றேன். "கேக்கப் பாத்தன். ஏலாமல் போட்டுது."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே கிடந்தாள். ஊசி குத்தியிருந்த கை போர்வைக்கு மேல் மெல்ல நகர்ந்து வந்து என் கையைத் தேடியது.

"அப்ப இவ்வளவு நேரமும் அங்க தனியாவோ இருந்தனீங்கள்?" என்றாள்.

"ஓம்," என்றேன்.